ஏரியைப் பார்த்த கண்

காலையில் எழுந்ததும் தர்ஷித் செய்த முதல் வேலை, தன் சட்டையைக் கழற்றிப் பிழிந்ததுதான். பிறகு மனைவி ஹன்விகாவின் சட்டையை வாங்கிப் பிழிந்தார். இரவெல்லாம் உடம்பு விடும் வியர்வையை ஒரு சொட்டு வீணாக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தச் சட்டைக்கு உறிஞ்சட்டை என்று பெயர். பிழிந்ததை அடுப்படி வடிப்பானில் ஊற்றி மூடியைத் தட்டிவிட்டால் சற்று நேரத்தில் காப்பிக்குத் தண்ணீர் தயார். இலுப்பவாக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். புதிதாகக் கல்யாணம் ஆன வீடுகளில் இரண்டாவது காப்பிக்கும் தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு கிண்டல்கூட உண்டு.

"இன்னைக்கு உங்க சட்டையில ரொம்ப வந்திருக்கே. பயமா?" என்றாள் ஹன்விகா.

"பயமென்ன பயம். புழுக்கம்."

பயம்தான். அன்று நடுவன் என்னும் நீதி இயந்திரம் வரப்போகிறது. வந்து, அவர் தலைக்குள் இறங்கி, எழுபது வருஷத்துக்கும் முந்தைய ஓர் ஏரியைத் தேடப்போகிறது. கிடைத்தால் ஊர் பிழைக்கும். கிடைக்காவிட்டால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நூற்றாண்டு முடிய இன்னும் இரண்டே வருஷம் இருந்தது. தண்ணீர் இல்லாத ஊர்களை அரசு இரண்டாகப் பிரித்திருந்தது: முன்பு ஏரி இருந்த ஊர், இல்லாத ஊர். இருந்த ஊருக்கு மீட்பு உரிமை உண்டு. தோண்டிகள் என்னும் ராட்சத இயந்திரங்கள் வந்து, மேலே எது நின்றாலும் பெயர்த்துப் போட்டு, பழைய களிமண் தட்டுப்படும்வரை தோண்டும். எப்போதாவது கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்து வைக்க அந்த ஊருக்கு அதன் பள்ளம் திரும்பக் கிடைக்கும். ஏரி இல்லாத ஊரில் தோண்டினாலும் நீர் நிற்காது என்பது அரசின் முடிவு. அந்த ஊர்க்காரர்களைக் கூண்டு வண்டிகளில் ஏற்றி உப்புக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. குடிக்கத் தட்டுப்பாடு இல்லை. காற்றில் சதா உப்புப்பொடி பறந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நல்ல நுரையீரல் உள்ளவர்கள் அந்தக் காற்றில் சில வருஷம் தாக்குப்பிடிப்பார்கள். ஹன்விகாவுக்கு இருந்தது நல்ல நுரையீரல் இல்லை. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவள். "உப்புக்கரையா? இவங்களா?" என்று கேட்ட மருத்துவர், அவள் கையைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும்.

ஏரி இருந்ததற்கு ஆவணம் கிடையாதா என்று கேட்கலாம். அந்த வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன்.

இலுப்பவாக்கம் ஏரி முதலில் ஏரியாகத்தான் இருந்தது. மூன்று கிராமத்து நெல் அதை நம்பி விளைந்தது. நெல் போய் மனைகள் வந்ததும் ஏரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாதவனை வீட்டில் எப்படி நடத்துவார்களோ அப்படி நடத்தினார்கள். ஒரு மூலையைப் பேருந்து நிலையத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு மூலையில் குப்பை கொட்டினார்கள். அப்புறம் யாருக்கோ மனசு கேட்காமல், ஏரியை அழகுபடுத்தக் கிளம்பினார்கள். கரையைச் சிமெண்டால் பூசி, நடைபாதை போட்டு, அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகு விட்டு, பூங்கா என்று பலகை மாட்டினார்கள். கூட்டம் வந்தது. கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்று பூங்கா ஏரிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை நீட்டியது. பார்க் நாளடைவில் பார்க்கிங் ஆயிற்று. பார்க்கிங்கின் மேல் அடுக்குமாடி எழும்பியது. ஏரியைச் சுத்தமாக மூடி முடித்த பிறகு அந்த அடுக்குமாடிக்கு 'லேக் வியூ' என்று பெயர் வைத்தார்கள். தர்ஷித்தும் ஹன்விகாவும் அதில்தான் குடியிருந்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்கள். ஏரி குட்டை ஆயிற்று, குட்டை பள்ளம் ஆயிற்று, பள்ளம் தரிசு ஆயிற்று, தரிசு மனை ஆயிற்று. இப்படி எல்லா ஊரிலும் நடந்திருந்ததால் நடுவன் ஆவணங்களை நம்புவதில்லை. புகைப்படங்களையும் நம்பாது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் படமாக்கிவிடலாம் என்று ஆகிப் பல காலம் ஆகியிருந்தது. நடுவன் நம்பியது வெறுங்கண்ணை மட்டும்தான். இமைத்திரை பொருத்தாத, மாற்றுக் கண் வைக்காத, பிறந்தபடியே இருக்கிற மனிதக் கண் ஒன்று, கரை முதல் கரை வரை நீர் நின்றதைக் கண்டிருக்க வேண்டும். அந்தக் காட்சி மூளையின் அடியில் கிடக்க வேண்டும்.

அப்படி ஒரு ஜோடிக் கண்தான் இலுப்பவாக்கத்தில் பாக்கி இருந்தது. குழந்தை பிறந்ததும் இமைக்குள் திரை வைத்துவிடுகிற காலம் அது. அதற்கு முன்னால் பிறந்தவர்களும் கண்புரை, மாறுகண் என்று ஏதாவது காரணம் சொல்லி மாற்றுக் கண் வைத்துக்கொண்டார்கள். ஹன்விகா வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஆகிறது. "உலகமே பளிச்சுன்னு இருக்குங்க, நீங்களும் வெச்சுக்கோங்க" என்று அவள் நச்சரிக்கும்போதெல்லாம் தர்ஷித் சொல்லும் பதில் ஒன்றே.

"ஏரியைப் பார்த்த கண்ணுடி இது. இதைப் பிடுங்கிப் போட்டுட்டு கண்ணாடிக் குண்டு வைக்கச் சொல்றியா?"

படம் பார்க்கவும் செய்தி கேட்கவும் மூக்கின் மேல் மாட்டும் பழங்காலத் திரைக்கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். மாட்டினால் கண்ணையும் மறைக்கும், காதையும் அடைக்கும். கழற்றி வைத்துவிட்டால் வெறுங்கண்.

ஏரியைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. அம்மா தினமும் சாயங்காலம் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போவாளாம். தண்ணீர் வானம்வரை விரிந்திருக்குமாம். நீலப் பறவை ஒன்று மேலேயிருந்து செங்குத்தாகப் பாய்ந்து மீனோடு எழும்புமாம். தாமரைகள் தலையை ஆட்டுமாம். லேக் வியூ பிள்ளைகளுக்கு அந்தக் கதை மனப்பாடம். ஓர் இடத்தில் அவர் மறந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பறவையின் சிறகு நனைந்து பளபளப்பதுகூட அவருக்குத் தெரிந்தது.

விசாரணை தரைத்தளத்தில், பழைய பார்க்கிங்கில் நடந்தது. ஊரே கூடியிருந்தது. நடுவன் பார்வைக்கு ஒன்றும் பெரிதில்லை. சுவரோரம் வைத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து ஒரு குரல். குரல் மட்டும் மேடைப் பேச்சாளர் மாதிரி லகர ழகரம் பிசகாமல் வந்தது. நீதி சொல்லும் இயந்திரத்துக்குத் தூய தமிழை மட்டுமே ஊட்ட வேண்டும், பேச்சுக் கொச்சை அதன் காதில் விழவே கூடாது என்று ஊர்வலம் போய்ப் போராடி வாங்கியவர்கள் நம் ஆட்கள்தான். தர்ஷித்தும் அந்த ஊர்வலத்தில் கொடி பிடித்துக்கொண்டு போயிருந்தார்.

"ஐயா, தைரியமா படுங்க" என்று அவரைக் கைத்தாங்கலாகப் படுக்கவைத்தான் அகரன். லேக் வியூ குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவன். நாற்பது வயது இருக்கும். "நீங்க தெனமும் எங்களுக்குச் சொல்றதுதானே. அதையே உள்ள போய் எடுக்கப்போறாங்க."

"போயிட்டு வர்றேன் ஹன்வி" என்றார் தர்ஷித், ஊருக்குக் கிளம்புகிறவர் போல.

"பத்திரமா போயிட்டு வாங்க" என்று அவளும் சிரித்தாள்.

காதுக்குப் பின்னால் மயிரிழை போன்ற ஊசி ஒன்று இறங்கியது. அதற்கு நினைவுவாங்கி என்று பெயர். நாம் ஞாபகம் என்று சொல்லிக்கொண்டிருப்பதை அது தொடுவதே இல்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஞாபகத்தின் மேல் ஒரு பூச்சு ஏறிவிடுகிறது. அந்தப் பூச்சுகளையெல்லாம் விலக்கிவிட்டு, முதல் நாள் கண்ணும் காதும் உள்ளே கொண்டுவந்து போட்டது எதுவோ அதை மட்டும் சுரண்டி எடுக்கும். எடுத்ததைச் சுவரில் எல்லோரும் பார்க்கலாம்.

முதலில் சத்தம் வந்தது. காற்று. கரையில் தண்ணீர் மோதி ளப், ளப் என்று தட்டும் சத்தம். அதை வாழ்நாளில் கேட்டிராத கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. "என்னம்மா அது?" என்று ஒரு குழந்தை கேட்டது. "தண்ணிடா. நிறையத் தண்ணி" என்று அதன் தாய் மெல்லச் சொன்னாள்.

பிறகு சுவர் நீலமாயிற்று. நீலப் பறவை ஒன்று வானத்திலிருந்து பாய்ந்து, தண்ணீரைப் பிளந்து, மீனோடு மேலே வந்தது. தாமரைகள் தலையாட்டின. அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது. பார்க்கிங் அதிரக் கைதட்டினார்கள். அகரன் பக்கத்தில் நின்றவரைக் கட்டிக்கொண்டான். "சொன்னேன்ல" என்று தர்ஷித் படுத்தபடியே சொன்னார். ஹன்விகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாற்றுக் கண்ணுக்கும் அழத் தெரியும்.

நடுவன் மட்டும் அசையவில்லை.

"காட்சியை விரித்துக் காட்டுக" என்றது.

காட்சி விரிந்தது. பறவையைச் சுற்றி ஒரு கறுப்புச் சட்டம் தெரிந்தது. சட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்த குட்டிக் குட்டி விரல்கள் தெரிந்தன. நீலப் பறவை தொப்பி போட்டிருந்தது. மீனை விழுங்கிவிட்டு, கரையேறி, வாலை ஆட்டிக்கொண்டு இங்கிலீஷில் பாட்டுப் பாட ஆரம்பித்தது.

கைதட்டல் அங்கங்கே தயங்கி நின்றது. ஒரு வளையல் கை தயிர்சாதத்தோடு காட்சிக்குள் வந்தது.

"ஆ காட்டு... ஆ... சமத்து. கண்ணு, அங்க பாரு, கொக்கு! எவ்ளோ தண்ணி பாரு! அங்க பாருடா..."

"ம்ம்" என்றது குழந்தைக் குரல். கண் போனை விட்டு நகரவில்லை.

அந்தக் காலத்துத் தாய்மார்கள் பிள்ளைக்குச் சோறூட்டச் செல்போனைத்தான் கையில் கொடுத்தார்கள். போன் கையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். நல்ல காற்று வாங்கட்டும் என்று பூங்காவுக்குத் தூக்கி வந்ததும் அந்தத் தாய்தான், கையில் போனைக் கொடுத்ததும் அவள்தான். இரண்டையும் பாசத்தோடுதான் செய்தாள்.

நினைவுவாங்கி இன்னொரு நாளை எடுத்தது. அப்புறம் இன்னொரு நாள். அம்மாவின் வளையல் மாறியது. தயிர்சாதம் இட்லியாயிற்று, இட்லி உப்புமாவாயிற்று. ஒரு நாள் அன்னப்படகில்கூட ஏற்றியிருந்தார்கள். படகு ஆடுவதற்கேற்பப் போனும் ஆடியது. போனில் பறவை பாடிக்கொண்டிருந்தது.

தர்ஷித் படுக்கையிலிருந்து தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் ஹன்விகா கீழே குனிந்துகொண்டாள்.

"கண்ணு பார்க்கலைன்னா என்னங்க, காது கேட்டுச்சே!" என்று அகரன் முன்னால் பாய்ந்தான். "அந்தம்மா சொல்றாங்களே, எவ்ளோ தண்ணின்னு!"

"எவ்வளவு தண்ணீர் என்பது வினா" என்றது நடுவன். "அளவு அறியாதவர் கேட்பது. புட்டியில் உள்ள நீரைப் பற்றியும் அவ்வாறு கேட்கலாம். இதைவிடத் தெளிவான செவிச் சான்று ஒன்று உண்டு. அதைக் கேட்போம்."

சுவரில் பறவை பாடிக்கொண்டே இருந்தது. பின்னால் நடைபாதையில் போகிற யாரோ ஒரு பெண் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"தெனமும் பார்க்கறேனே, எங்க இருக்கீங்க?"

"நம்ம ஏரியா" என்றாள் அம்மா.

நடுவன் நிறுத்தியது. "ஏரி என்னும் பெயரின் ஈற்றில் ஆகாரம் சேர்ந்தால் வினாப்பொருள். நம் ஏரியா? கரையில் நின்றுகொண்டிருந்த பெண்ணுக்கே, அது ஏரிதானா என்னும் ஐயம் இருந்திருக்கிறது. ஆகவே இச்சான்று ஏரிக்கு எதிரானது."

"ஐயோ, அது கேள்வி இல்லைங்க!" அகரன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏரியான்னா நாம இருக்கற இடம்! இங்கிலீஷு! எல்லாருந்தானே சொல்றோம், எங்க ஏரியா, உங்க ஏரியான்னு!"

"எங்கள் ஏரியா? உங்கள் ஏரியா? தங்களுக்கும் ஐயம் இருக்கிறது. பதிந்துகொள்கிறேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ஏரியை நேரில் கண்ட கண் இல்லை. எனவே இவ்வூரில் ஏரி இல்லை. ஏரி இல்லாத ஊருக்கு மீட்பு உரிமை இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தது: "நாள் எதுவாயினும், இவ்விடத்தில் கரை முதல் கரை வரை நீர் நின்றதை ஒரு வெறுங்கண் கண்டால், அக்கணமே வழக்கு மீளும். ஊரார் வெளியேறி முடியும்வரை இந்த வாய்ப்பு உண்டு."

"மழை பேஞ்சு மூணு வருஷம் ஆச்சு" என்றான் அகரன். "பேஞ்சாலும் எங்க நிக்கும்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. மழைநீர் ஒரு நிமிஷமும் தெருவில் நிற்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் பூமிக்கடியில் பெரும்பெரும் வடிகால்களைக் கட்டியிருந்தார்கள். வானம் கொட்டக் கொட்ட அவை கடலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். கட்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நிறுத்தும் வழி ஒருவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது அவர் காதுபடவே பேசினார்கள். "ஏரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு போன்ல ஏரி பார்த்திருக்காரு மனுஷன்" என்றார் ஒருவர். "அந்த வாய்க்குத் தயிர்சாதம் ஒரு கேடு" என்றாள் ஒருத்தி. திட்டியவர்களின் இமைகள் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தன. இமைத்திரையில் படம் ஓடும்போது இமை அப்படித்தான் துடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தர்ஷித் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஹன்விகா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் பொய் சொல்லலடி."

"தெரியும்."

"இப்பவும் கண்ணை மூடினா அந்தப் பறவை தெரியுது."

"மூணு நாலு வயசுப் புள்ளை. உங்களுக்கு என்னங்க தெரியும்? விடுங்க."

"உன்னைக் கொன்னுட்டேனே ஹன்வி" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த அழுகையை உறிஞ்சட்டை விடாமல் உறிஞ்சிக்கொண்டது.

எடுத்த நினைவுகளின் பிரதியை உரியவருக்கே கொடுத்துவிடுவது சட்டம். ஆறுதலுக்காம். தர்ஷித்தின் திரைக்கண்ணாடியில் அதை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் அவர் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் அம்மாவின் குரலைக் கேட்கலாம் என்று மாட்டினார். அம்மா போய் ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. அவள் குரல் இவ்வளவு இளசாக இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கென்று நிமிர்ந்தார்.

"ஹன்வி! இங்க வா! அம்மா வாயைத் துடைக்கறாங்க பாரு, அப்ப போன் கொஞ்சம் சாயுது. மேல ஓரத்துல ஒரு கோடு, நீலமா, தண்ணி மாதிரி..."

"எனக்கு எப்படிங்க தெரியும், கண்ணாடி உங்க மூக்குல இருக்கு."

"ஒரு தடவை தலையைத் தூக்கியிருக்க மாட்டேனா? எத்தனை நாள் போயிருக்கோம். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தாப் போதும். அதைக் கண்டுபிடிச்சு நடுவன் முன்னாடி போட்டேன்னா உன்னை யாரு அனுப்பறா பார்க்கறேன்."

அன்றிலிருந்து அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சாயங்காலம் சாயங்காலமாக, வாய் வாயாக, அந்தப் பால்யத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா ஊட்டிக்கொண்டே இருந்தாள், அவர் ஓரங்களைத் துழாவிக்கொண்டே இருந்தார். ஹன்விகா காப்பியைக் கையில் கொடுத்தால் குடித்தார். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் வாயைத் திறந்தார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது ஒரு நாள் அவளுக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது. பிறகு மீதியையும் ஊட்டி முடித்தாள்.

மூட்டை கட்டுவது முழுக்க அவள் வேலையாயிற்று. கூண்டு வண்டியில் ஆளுக்கு ஒரு பைதான் ஏற்றலாம். மற்றதையெல்லாம் லேக் வியூக்காரர்கள் மாடியிலிருந்து தெருவில் வீசினார்கள். மெத்தைகள், மிதியடிகள், உடைந்த சோபா, குழந்தைகளின் தொட்டில். விட்டுவிட்டுப் போகிற ஊர்தானே என்று யாரும் ஓரமாகக்கூட ஒதுக்கவில்லை. தெருவில் இருந்த வடிகால் வாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன.

கிளம்பும் நாள் காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் வண்டிகள் போய்க்கொண்டிருந்தபோதே மழை பிடித்தது. அந்தக் காலத்து மழை சொல்லிவிட்டு வரும். இந்தக் காலத்து மழை ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். நனைந்துகொண்டே தர்ஷித்தை நடத்திக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினாள் ஹன்விகா. கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. வழக்கமாக ஒரு வண்டிக்கு இரண்டு பேர்தான். கதவு சாத்திக்கொண்டது. ஓட்டுகிற ஆள் கிடையாது. வண்டி தானே புறப்பட்டது, தகரக் கூரையில் மழை இடியாக இறங்கியது.

"கடைசி மாசத்துக்கு வந்துட்டேன். இதுல கண்டிப்பா இருக்கும்" என்றார் தர்ஷித்.

"பாருங்க" என்றாள் அவள். அவளுக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை.

வண்டி தெருக்களைச் சுற்றிக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் ஏறியது. சன்னல் முழுக்க மழை வழிந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மழை வந்த மாதிரியே சட்டென்று விட்டது. ஹன்விகா உள்ளங்கையால் சன்னலைத் துடைத்துவிட்டு, கடைசியாக வீட்டை ஒரு தடவை பார்க்கலாம் என்று கீழே பார்த்தாள்.

கீழே ஏரி இருந்தது.

வடிகால்கள் அடைபட்டுப் போக்கிடம் இல்லாமல் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்திருந்தது. பேருந்து நிலையம் தண்ணீருக்குள் இருந்தது. குப்பைமேடு தண்ணீருக்குள் இருந்தது. லேக் வியூ இடுப்பளவு நீரில் நின்றது. கரை எங்கே இருந்தது என்று எழுபது வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்ததே, அந்தக் கரை இப்போது வளைந்து வளைந்து, கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. கரை முதல் கரை வரை நீர். காற்றடித்ததும் அது மொத்தமாக ஒரு தடவை சிலிர்த்தது. எங்கிருந்து வந்ததோ, ஒரு வெள்ளைக் கொக்கு தாழப் பறந்து போயிற்று.

அவளுடைய கண்கள் மாற்றுக் கண்கள். அவள் பார்த்தது எதுவும் செல்லாது. பக்கத்தில் இரண்டு நல்ல கண்கள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன.

"ஏங்க! அங்க பாருங்க... எவ்ளோ தண்ணி..."

அவ்வளவுதான் முடிந்தது. நடந்துவந்த இளைப்பும் நனைந்த உடம்பும் சேர்ந்து இருமலாகப் பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

கண்ணாடிக்குள் அம்மா அதே நேரத்தில் "கண்ணு, அங்க பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு குரலும் ஒன்றாகத்தான் கேட்டது அவருக்கு.

"இரும்மா" என்றார் தர்ஷித். "இதோ, நீலம் தெரியுது, இப்ப தெரிஞ்சிடும்."

இழுத்த கையை அவர் ஆதரவாக அழுத்திக்கொடுத்தார். ஹன்விகா இருமிக்கொண்டே மறுகையைக் கண்ணாடிக்கு நீட்டினாள். வண்டி வளைவில் திரும்பியது, கை எட்டாமல் அவள் கதவில் போய்ச் சாய்ந்தாள். கீழே, தெருவில் நீர் நின்றால் தாமாக வரும் துப்புரவு இயந்திரங்கள் வந்து சேர்ந்துவிட்டன. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவை அவை. மெத்தைகளையும் சோபாவையும் தூக்கி எறிந்து வடிகால் வாய்களைத் திறந்துவிட்டன. ஏரி நடுவில் குழிந்தது, ஓரங்களில் சுருங்கியது, நாலா பக்கமும் சுழித்துக்கொண்டு கடலுக்குப் போயிற்று. பாலம் இறங்கும்போது ஈரத் தெருவும் சேறும்தான் பாக்கி இருந்தது.

இருமல் அடங்க நேரமாயிற்று. அவள் இருமியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலும். கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிவந்து, நீர் கோத்திருந்தன. சன்னலுக்கு வெளியே நனைந்த சிமெண்டுச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஹன்வி, என்னமோ காட்டின மாதிரி இருந்துச்சே?"

ஹன்விகா அந்தக் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சொன்னால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். தனக்குப் பிறகும் அவர் இருக்கவேண்டி வரும் என்பதும் தெரியும்.

"ஒண்ணுமில்லங்க" என்றாள். "நம்ம ஏரியா."

"அதை என்னத்தப் பார்க்கறது. பொறந்ததுலேர்ந்து பார்த்ததுதானே" என்று சொல்லிவிட்டு, தர்ஷித் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

கூண்டு வண்டிக்கும் காது உண்டு. அதில் விழுவதெல்லாம் நடுவனுக்குப் போகும். 'நம்ம ஏரியா?' என்று இலுப்பவாக்கத்தின் கடைசிக் கேள்வியை அது பதிந்துகொண்டது. விதிப்படி பதிலுக்குக் காத்திருந்தது. உள்ளே ஒரு கிழவர் வாயைப் பாதி திறந்தபடி படம் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை என்று குறித்துக்கொண்டு நடுவன் வழக்கை முடித்தது. வண்டி உப்புக்கரைச் சாலையில் வேகம் கூட்டியது.